கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பொகவந்தலாவைப் பிள்ளை:

அக்காமார் அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் முடித்துவிட்டு, இந்திய அரசாங்கத்தின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலுக்குப் போட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் முதுகலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான். அதனால் கேட்க ஆள் இல்லாமல் இங்கே வந்திருக்கிறேன்.

அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார், நாள் சம்பளம்தான். படிப்புச் செலவு, தங்குமிடம், டிக்கெட் எல்லாம் புலமைப்பரிசிலில் அடங்கும் என்று சொன்னார்கள். ஆனால் கையில் எவ்வளவு கொண்டுபோக வேண்டும், அங்கே பகுதி நேர வேலை பார்த்து வீட்டுக்கு ஏதாவது அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை. என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது, அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, ஏஎல் (உயர்தரப் பரீட்சை) சான்றிதழில் இன்னொரு மாதிரி. அதுவும் பயமாக இருக்கிறது.

தமிழ் ஊர்தானே, உனக்கு என்ன கஷ்டம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா?

இன்னொன்று. அம்மாவின் சின்னத்தாத்தா குடும்பம் எழுபதுகளில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, கப்பலேறி நீலகிரியில் கோத்தகிரிக்குப் போனவர்கள். முன்பு கடிதம் வரும், பிறகு நின்றுவிட்டது. கட்டாயம் தேடிப் போய்ப் பார் என்கிறார் அம்மா. இத்தனை வருஷம் கழித்துப் போய் நின்றால் என்ன நினைப்பார்கள், வேண்டாம் என்கிறார் மாமா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

திருச்சியில் இருந்து மஸ்கெலியா:

வாழ்த்துக்கள் தங்கச்சி. நான் திருச்சியில் படிக்கிறேன். கடதாசி வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அக்காமார் சொல்வார்கள்.

பெயர் விஷயத்தை இங்கேயே தீர்த்துவிட்டுப் போங்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் விசாவிலும் கல்லூரிப் பதிவிலும் எழுத வேண்டும், ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. மற்றச் சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஜேபியிடம் (சமாதான நீதவானிடம்) சத்தியக் கடதாசி எடுங்கள். பிறப்புச் சான்றிதழை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றி, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்துங்கள். அதற்கு கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

இறங்கிய பிறகு 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. எல்லாம் இணையத்தில்தான். நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரியில் தருகிற போனஃபைட் கடிதமும் ஹொஸ்டல் முகவரிக் கடிதமும் இருந்தால் சிக்கலில்லை. பதிவு அனுமதியை நாலு பிரதி எடுத்து வையுங்கள், சிம் வாங்கவும் வங்கிக்கும் கேட்பார்கள். வங்கியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு என்ஆர்ஓ என்கிற வகைக் கணக்கு திறப்பார்கள். கவுன்டரில் இருப்பவருக்கே சில நேரம் அது தெரியாது, பொறுமையாக மேனேஜரைப் பாருங்கள்.

வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். மாணவர் விசாவில் அனுமதி இல்லை. யாராவது கடையில் கணக்கெழுதக் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

---

லிந்துலைக்காரி:

தங்கச்சி, உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அதே புலமைப்பரிசிலில், அதே பல்கலைக்கழகத்தில், அதே மண்ணியல் படித்தவள். தலவாக்கலை சென்கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தேன். உள்ளே மண்ணைப் பரிசோதிக்கிறார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டதுதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது.

முதலில் காசு. புலமைப்பரிசில் பணம் அங்குள்ள வங்கிக் கணக்கில்தான் விழும். பதிவு முடிந்து, கணக்குத் திறந்து, விபரம் எல்லாம் போய்ச் சேர்ந்து முதல் பணம் வருவதற்கு நாளாகும். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்குத் தாங்குகிற மாதிரி கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹொஸ்டல் முன்பணம், மெஸ் முன்பணம், பக்கெட், பெட்ஷீட் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். அம்மாவை வட்டிக்கு வாங்க விடாதீர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அம்மாமார் சேர்ந்து போட்ட சீட்டில் முதல் சீட்டை எனக்காக விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள், பிள்ளை படிக்கப் போகிறாள் என்றால் மறுக்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்புவதை மறந்துவிடுங்கள். படிப்பை நல்லபடியாக முடித்து வந்தால் அதுதான் அம்மாவுக்கு.

படிப்பு. பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். ஆனால் விரிவுரையாளர் வகுப்புக்கு வெளியே தமிழில் பேசுவார், வயலில் நின்று தமிழில் விளக்குவார். இது பெரிய கொடை. நம்ம பக்கத்தில் மண் சிவப்பு, அமிலத்தன்மை கூடியது. தேயிலைக்கு அதுதான் வேண்டும், பிஎச் நாலரையில் இருந்து ஐந்தரைக்குள். கோவையில் இறங்கினால் கரிசல் மண். சித்திரை வெயிலில் அது வெடித்துக் கிடக்கும், அந்த வெடிப்புக்குள் கையே போகும். சுண்ணாம்பு அதிகம், பிஎச் எட்டைத் தாண்டும். நான் படித்ததெல்லாம் அங்கே தலைகீழாக இருந்தது. முதல் பருவம் முழுக்க மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது நீலகிரித் தேயிலை மண்ணைக் கேளுங்கள். வழிகாட்டி சம்மதித்தால் மாதிரி எடுக்கும் சாக்கில் மலைக்கும் போய் வரலாம், ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வேலை பயன்படும்.

சாப்பாடு ஒரு பிரச்சினை இல்லை. காலையில் இட்லி, பொங்கல், மத்தியானம் சாம்பார், ரசம், தயிர். தேங்காய்ச் சம்பலுக்கும் ரொட்டிக்கும் மனசு ஏங்கும். சம்பலுக்குப் போடுகிற மாசிக் கருவாடு ஒரு பொதி கொண்டு போங்கள். நல்ல பீஓபிஎஃப் தேயிலைத் தூளும் கொஞ்சம் கொண்டு போங்கள், அங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் சீடீசீ தூள், பாலில் கொதிக்க வைத்துக் குடிக்கத்தான் சரி. நம்ம பிளேன்டீ அதில் வராது. என் அறையில் இருந்த தர்மபுரிப் பிள்ளை பால் இல்லாத தேத்தண்ணியை முதலில் முகம் சுளித்துக் குடித்தாள், பிறகு படிக்கிற ராத்திரிகளில் அவளே கேட்டு வாங்கிக் குடித்தாள்.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். பங்குனி, சித்திரையில் கஷ்டம்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மாலையில் நம்ம ஊர் மாதிரியே இருக்கும். மருதமலை பக்கத்திலேயே இருக்கிறது, செவ்வாய், வெள்ளியில் ஹொஸ்டல் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள், நீங்களும் போங்கள்.

சரி, நீங்கள் கேட்டதில் முக்கியமானது "தமிழ் ஊர்தானே" என்பது. தமிழ் ஊர்தான். ஆனால் இலங்கை என்றதும் அங்கே எல்லோரும் யாழ்ப்பாணமா என்றுதான் கேட்பார்கள். அடுத்த கேள்வி யுத்தத்தில் யாராவது செத்தார்களா. அன்பாகத்தான் கேட்பார்கள், கண் கலங்கியவர்களும் உண்டு. நுவரெலியா மாவட்டம், தேயிலைத் தோட்டம், எங்கள் பூட்டன் துறையூர்ப் பக்கத்தில் இருந்து போனவர் என்று சொன்னால் குழம்பிப் போவார்கள். 1948இல் குடியுரிமை பறித்த கதை, 1964இல் இந்திய, இலங்கை அரசாங்கம் இரண்டும் நம்மைக் கேட்காமல் ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்ட கதை, முதுகலை படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியாது. அவர்கள் பாடப் புத்தகத்தில் அது இல்லை போலிருக்கிறது. சலிப்பு வரும், யாழ்ப்பாணம்தான் என்று தலையாட்டிவிட்டுப் போகத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் தங்கச்சி. ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மலையகம் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே 200 வருஷமாக நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அங்கே வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

கோவையை அடுத்து பூலுவபட்டியில் ஒரு அகதி முகாம் இருக்கிறது. 2021க்குப் பிறகு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று சொல்கிறார்கள். ஒரு வகுப்புத் தோழியோடு அங்கே போனேன். யாழ்ப்பாண, மன்னார்ப் பேச்சுத்தான் கேட்கும் என்று நினைத்துப் போனால், ஒரு அம்மா "எந்தத் தோட்டம்மா நீ?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் தலவாக்கலைப் பக்கம் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய், அங்கே யுத்தம் வந்து, மன்னாரில் படகேறி, ராமேஸ்வரம், மண்டபம், பிறகு கோவை. இத்தனை இடம் மாறியும் கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. நான் கடவுச்சீட்டோடும் புலமைப்பரிசிலோடும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரே மலையில் பிறந்தவர்கள். எங்கள் அம்மாயி வீட்டில் இருந்தவர்கள் அந்த வருஷம் கலவரத்துக்குப் பயந்து வடக்கே கிளம்பியிருந்தால் எங்கள் கதையும் அதுதான். படிப்பு முடியும் வரை அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து வந்தேன்.

அதனால் உங்கள் மாமா சொல்வதை நான் ஏற்கவில்லை. கோத்தகிரிக்குப் போங்கள். முதல் பருவத்திலேயே போங்கள். எழுபதுகளில் இருபது வயதில் கப்பலேறியவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. எங்கள் பெரியம்மா முறையான ஒருவர் குன்னூரில் இருக்கிறார் என்று தெரிந்து நான் போனபோது, அவருடைய அண்ணன், எங்கள் தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டிருந்தவர், அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் இறந்திருந்தார். இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

---

கோத்தகிரிப் பேரன்:

இந்த உரையாடலை என் நண்பர் ஒருவர் அனுப்பினார். நான் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவன், தாத்தா பாட்டி நாவலப்பிட்டியில் இருந்து வந்தவர்கள்.

இந்த ஊரில் இன்றைக்கும் எங்களை சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் வந்து நின்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தெருவே கூடிவிடும். ஆனால் உங்கள் மாமா பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வந்தவர்களில் சிலருக்கு டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது, அதே கொழுந்து, அதே லைன் வீடு. மற்றவர்கள் இந்த மலையின் படுகர் சமூகத்தாருடைய தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் கூலி வேலை செய்துதான் பிழைத்தார்கள். அரசாங்கம் கொடுத்த கடனை நம்பி வியாபாரம் தொடங்கி இழந்தவர்களும் உண்டு. அங்கே இருந்தவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள் என்ற கோபம் பல வீட்டில் இருக்கிறது. கடிதம் நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கோபமாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும்போது பழைய குடும்பப் போட்டோ, தோட்டத்தின் பெயர், அதில் எந்த டிவிசன் (பிரிவு), தாத்தாவின் பெயர், அவருக்கு ஊரில் இருந்த பட்டப்பெயர் எல்லாம் அம்மாவிடம் கேட்டு எழுதி வாருங்கள். இங்கே பதிவுப் பெயரைச் சொல்லித் தேடினால் கண்டுபிடிக்க முடியாது, பட்டப்பெயர் சொன்னால் பத்து நிமிஷத்தில் வீட்டைக் காட்டுவார்கள். கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஏறுங்கள். நேரடி பஸ் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் இறங்கி கோத்தகிரி பஸ் மாறுங்கள். ஊட்டி பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், அது பெரும்பாலும் குன்னூர் வழியாக வேறு மலைப்பாதையில் போகும்.

---

பொகவந்தலாவைப் பிள்ளை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. லிந்துலை அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பூலுவபட்டி அம்மாவைப் பற்றி வாசிக்கும்போது அம்மா அழுதுவிட்டார். சின்னத்தாத்தாவை ஊரில் "தப்பு" என்று கூப்பிடுவார்களாம், காமன் கூத்தில் தப்பு மேளம் அடிப்பவராம். டிவிசன் பெயரும் எழுதி வைத்துவிட்டேன். மாமாவும் இப்போது ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பழைய போட்டோவை எடுத்துத் தந்திருக்கிறார்.

சத்தியக் கடதாசிக்கு திங்கட்கிழமை போகிறோம். அக்கா, கம்பளி உடுப்பு கொண்டுபோக வேண்டுமா?

---

லிந்துலைக்காரி:

கோவைக்குத் தேவையே இல்லை. கோத்தகிரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், மார்கழியில் போனால் தலைக்குத் தொப்பியும். போட்டோவைப் பெரிதாக ஒரு பிரதி எடுத்துப் போங்கள், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நிச்சயம் கேட்பார்கள். அப்புறம், போய்ப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள் தங்கச்சி, நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.