தேக்கு ஸ்டாக் போட்ட ஏர் ரைபிளில் ஜீரோ நிற்குமா, நிற்காதா?

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 9:14

ராயபுரத்துத் தம்பி ஒருவர் பழைய பத்து மீட்டர் ஏர் ரைபிள் ஒன்றை வாங்கிவிட்டு, "மரத்தில் ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கிற கட்டை) செய்து போடலாமா" என்று நேற்று கேட்டிருந்தார். அதற்கு மணலி நண்பர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்: "வட சென்னையில் மர ஸ்டாக் போட்டால் ஜீரோ நிற்காது. கடற்காற்றில் மரம் ஊதும். அலுமினியம் வாங்கு." ஜீரோ என்றால், குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டை (குறிபார்க்கும் கருவியை) வைத்த நிலை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

31 வருடம் வார்ப்படப் பட்டறைக்கு மரத்தில் பேட்டன் (வார்ப்புக்கான மாதிரி) செய்தவன் நான். கால் மில்லிமீட்டர் பிசகினால் வார்ப்பு திரும்பி வந்துவிடும். என் மகள் இடது கைக்காரி, ஐந்தடி கூட இல்லை. கடையில் கிடைக்கிற ஸ்டாக் எதுவும் அவள் தோளுக்கு ஒத்துவரவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் இடித்த வீட்டு வாசக்கால் ஒன்றை வாங்கி வந்து செதுக்கினேன். அந்தத் தேக்கு என் அப்பா வயதுக்கும் மூத்தது. அது காய வேண்டிய அளவுக்குக் காய்ந்து பல காலம் ஆகிறது.

ஆக்ஷன் (பேரல் என்ற குழலும் விசையும் பொருந்துகிற இரும்புப் பகுதி) உட்காருகிற பள்ளத்தை உளியால் எடுத்து, இரும்பில் நீலச்சாயம் தடவி, வைத்துப் பார்த்து, சாயம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, மறுபடி வைத்து, இப்படி ஒன்பது நாள். ஸ்க்ரூ போகிற இரண்டு இடத்திலும் 12 மில்லி அலுமினியக் குச்சியை லேத்தில் துளைபோட்டு வாங்கி, அரால்டைட் பசை வைத்து மரத்துக்குள் இறக்கினேன். ஏ4 தாளை இரண்டாக மடித்து காற்றுச் சிலிண்டருக்கும் மரத்துக்கும் நடுவே விட்டால் முன் முனையிலிருந்து ஆக்ஷன் வரை இழுத்த இழுப்புக்கு ஓடும்; அங்கே மரம் சிலிண்டரைத் தொடுவதே இல்லை. மொத்த எடை 4.7 கிலோ. போட்டி விதியில் 5.5 வரை இடம் இருக்கிறது.

போன நவம்பர் மழையில் காலை ஆறு மணிக்கும் மதியமும் சுட்டுப் பார்த்தோம். ஜீரோ நின்றது. மணலி நண்பர் வந்து பதில் சொல்லட்டும்.

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 9:41

அண்ணே, உங்கள் உளி வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மரம் ஈரத்தைக் குடிக்கும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். தண்டையார்பேட்டையில் விடியற்காலை ஈரப்பதம் எண்பதைத் தாண்டும். டிசம்பரில் எண்ணூர் நண்பர் ஒருவருடைய மர ஸ்டாக் ரைபிள் ஒரே வாரத்தில் குறி அட்டையில் இரண்டு வளையம் நகர்ந்தது. நான் கண்ணால் பார்த்தேன். மரம் ஊதும், ஜீரோ நகரும். அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 9:58

இரண்டு வளையம் என்றால் எவ்வளவு என்று தெரிந்துதான் எழுதினீர்களா? பத்து மீட்டர் அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மில்லி. இரண்டு வளையம் 5 மில்லி. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 5 மில்லி நகர வேண்டுமானால் சைட் 0.35 மில்லி நகர வேண்டும். மூன்றரை ஏ4 தாள் தடிமன்.

சைட் எங்கே உட்கார்ந்திருக்கிறது? முன்னது பேரல் பக்கம், பின்னது ஆக்ஷன் மேல். இரண்டும் இரும்பு. மரத்தின் மேல் ஒன்றுமே இல்லை. மரம் ஊதினால் இரும்பில் இருக்கிற சைட் எப்படி நகரும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வண்ணை வாலிபன் | இரவு 10:05

தேக்கு அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. மணலி சாருக்கு வெளிநாட்டுப் பெட்டியில் வந்தால்தான் பொருள். நம்ம ஊர் ஆசாரி கை வைத்தால் அது கட்டை. கேரம் போர்டிலும் இதே கதைதான். இங்கே தெருவில் ஆடிப் பழகியவர்கள் சாம்பியன் ஆன பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 10:11

வாலிபன், நீங்கள் சிலிண்டருக்குக் காற்றடிக்கிற என் கைப் பம்பை வாங்கிப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எனக்குப் பாடம் எடுங்கள்.

அண்ணே, சைட் இரும்பில்தான் இருக்கிறது. ஆனால் ஆக்ஷனை மரத்தோடு ஸ்க்ரூ போட்டுத்தானே பிடித்திருக்கிறீர்கள்? மரம் ஊதினால் அந்தப் பிடி மாறும். பிடி மாறினால் அதிர்வு மாறும். அதிர்வு மாறினால் பெல்லட் (குண்டு) போகும் இடம் மாறும். ஜீரோ நகரும்.

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 10:20

முதல் பதிவையே படிக்கவில்லை போலிருக்கிறது. அலுமினியக் குச்சி இறக்கியிருக்கிறேன் என்று எழுதினேனே! ஸ்க்ரூவை முறுக்கும்போது ஆக்ஷன் அந்தக் குச்சியின் தலையில் உட்காருகிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான் பிடி. நடுவே மரம் நசுங்குவதற்கு வேலையே இல்லை.

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 10:24

அப்படியானால் நான் சொன்னது சரி என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். பிடிப்பது அலுமினியம். மரம் சும்மா அலங்காரம். அலுமினியம் வாங்கு என்றுதான் நானும் சொன்னேன்.

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 10:29

விரல் நீளக் குச்சி இரண்டு வைத்தால் மர ஸ்டாக் அலுமினிய ஸ்டாக் ஆகிவிடுமா? கதவில் கீல் இரும்பு. அதனால் வாசக்கதவை இரும்புக் கதவு என்பீர்களா? சைட் இரும்பில் இருக்கிறது. மரம் ஊதினால் எப்படி நகரும்? இரண்டாவது முறை கேட்கிறேன்.

பெரம்பூர் பத்து மீட்டர் | இரவு 10:37

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள் அண்ணா. நான் ஆறு வருடமாகச் சுடுகிறேன். என்னிடம் இருப்பது அலுமினிய ஸ்டாக். அதிலும் எனக்குக் காலைக்கும் மாலைக்கும் புள்ளி நகர்கிறது. காரணம் ஸ்டாக் இல்லை, கன்னம். கன்னக்கட்டையில் முகம் ஒரு நூல் மேலே உட்கார்ந்தால் கண் பின் சைட்டின் துளைக்கு நடுவே வராது. முன் வளையம் அந்தத் துளைக்குள் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். அதைக் கவனிக்காமல் சுட்டால் புள்ளி போகும். அப்புறம் வெளிச்சம், பெல்லட்.

பெல்லட் தலை 4.49, 4.50, 4.51 என்று அளவு அளவாக வருகிறது. என் பேரலுக்கு 4.50 தான் ஒத்துப்போகிறது. அதே கம்பெனி 4.49 போட்டால் குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) விரிகிறது. பத்தாவது வளையம் வெறும் 0.5 மில்லிப் புள்ளி. போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம். முதலில் எதை "சொந்தமாகச் செய்த ரைபிள்" என்கிறோம், எதை "ஜீரோ நகர்ந்தது" என்கிறோம் என்று பேசிவிட்டு மேலே போகலாமே? பேரலும் வால்வும் ஜெர்மனி, கட்டை தண்டையார்பேட்டை என்றால் அது எந்தக் கணக்கு?

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 10:44

தங்கச்சி சொல்வதும் என் பக்கம்தான். கன்னக்கட்டை எதில் இருக்கிறது? ஸ்டாக்கில். ஸ்டாக் மரம். மரம் ஊதினால் கன்னக்கட்டை உயரும். கன்னம் உயரும். ஜீரோ நகரும்.

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 10:52

தேக்கு எவ்வளவு அசையும் என்று தெரியுமா? பச்சை மரம் முழுக்கக் காய்ந்து முடியும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதம் சுருங்கும், குறுக்கே 2.5 சதம். நீங்கள் கும்பிடுகிற வெளிநாட்டு ஸ்டாக்குக்குப் போடுகிற வால்நட் இருக்கிறதே, அதில் அமெரிக்கக் கருப்பு வகை 7.8 சதம் சுருங்கும். அதையே உலகம் பூராவும் போட்டுச் சுட்டார்கள். பச்சை மரத்துக்கே கணக்கு இது. என் வாசக்கால் பச்சையா? காலைக்கும் மாலைக்கும் நடுவே அது அசைவது இதில் ஒரு பொட்டுகூட வராது. போதாததற்கு டங் ஆயில் (மரத்துக்குத் தேய்க்கிற எண்ணெய்) ஏழு கை தேய்த்திருக்கிறேன். உப்புத்தாள் 400 போட்டு, துடைத்து, காயவிட்டு, மறுபடி. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது.

புதுசு ராயபுரம் | இரவு 11:03

அண்ணா, நான்தான் அந்தக் கேள்வி கேட்டவன். இங்கேதான் இருக்கிறேன், படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம். ஸ்டாக் செய்வது மாதிரி பேரலையும் வியாசர்பாடி லேத் பட்டறையில் கொடுத்து .22 அங்குல அளவுக்குச் செய்து வாங்க முடியுமா? செலவு குறையுமே.

பெரம்பூர் பத்து மீட்டர் | இரவு 11:06

தம்பி, அந்தப் பேச்சை இதோடு விடுங்கள். 4.5 மில்லி, 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் வேண்டாம். .22 துப்பாக்கியை வைத்துக்கொள்ளவே உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் அதற்குப் பாகம் செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். செய்து கொடுக்கிற பட்டறைக்காரரும் உங்களோடு உள்ளே போவார். கட்டையை மட்டும் செதுக்குங்கள். அப்புறம் வாங்கிய ரைபிளில் காற்றுச் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து வருடம்தான் கெடு. 200 பார் அழுத்தம் உள்ளே நிற்கிறது. தேதி தாண்டியிருந்தால் தொடாதீர்கள்.

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 11:10

பெரம்பூர்த் தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. பேரல் பக்கமே போகாதே தம்பி. மரத்துக்கு என்னிடம் வா, நான் பார்த்துக்கொள்கிறேன். சரி, மணலி சார், சைட் இரும்பில் இருக்கிறது. மரம் ஊதினால் எப்படி நகரும்?

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 11:18

ஜீரோ நகர்வதெல்லாம் பெரிய ஆட்டக்காரர்களுக்கே நடப்பதுதான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்கே இறுதிச் சுற்றுக்கு முன் ரைபிள் தப்பாக அடித்தது. ஒலிம்பிக்கிலேயே அப்படி என்றால் தண்டையார்பேட்டை வாசக்கால் எந்த மூலைக்கு?

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 11:25

நல்ல உதாரணம் எடுத்துக் கொடுத்தீர்கள். அங்கே நகர்ந்தது எது? சைட். ஸ்டாக் இல்லை! யாரோ சைட்டைத் திருகிவிட்டார்கள் என்று அவரே பிற்பாடு சொன்னார். சரிசெய்துகொண்டு, கடைசிக் குண்டு 10.8 அடித்து, 700.5 போட்டுத் தங்கம் வாங்கினார். நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான். சைட்டைத் தொட்டால் புள்ளி நகரும். மரம் வேறு, சைட் வேறு.

வண்ணை வாலிபன் | இரவு 11:29

2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது நம் சென்னையில். நம் ஊர்க் காற்று பட்டவருக்கே பதக்கம் கிடைத்தது. கடற்காற்று ஆகாதாம்!

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 11:33

பிறந்தது சென்னை, வளர்ந்ததும் பழகியதும் ஹைதராபாத். அங்கே கடல் இல்லை. பம்ப் எங்கே?

வண்ணை வாலிபன் | இரவு 11:36

பம்ப், பம்ப்! அதைக் கொடுக்கும்போதே வாஷர் போயிருந்தது. என் கைக்காசு போட்டு மாற்றினேன். உங்கள் பம்பில் அடித்த காற்றோடு எவ்வளவு தண்ணீர் வந்தது தெரியுமா? வடிப்பானில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றது. கடற்காற்று மரத்தை என்ன செய்யும் என்று எழுதுகிறவர், அது சிலிண்டருக்குள்ளே போய் என்ன செய்யும் என்று ஒரு நாளாவது யோசித்தாரா? அப்புறம், மணலி மாநகராட்சிக்குள் வந்ததே 2011-இல். வட சென்னைக் காற்றைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

மணலி மார்க்ஸ்மேன் | இரவு 11:40

என் தாத்தா காலத்திலிருந்து மணலிதான். மாநகராட்சி வந்து சேர்த்தால்தான் வட சென்னையா? இந்த மாதிரி ஆட்களோடு பேச முடியாது.

பெரம்பூர் பத்து மீட்டர் | இரவு 11:44

ஒரு யோசனை. தேக்கு அண்ணன் ரைபிளை மணலி அண்ணன் ஒரு வாரம் வைத்துச் சுட்டுப் பார்க்கட்டும். ஒரே டப்பா பெல்லட், ஒரே ஆள், தினமும் காலை பத்து குண்டு, மாலை பத்து குண்டு. அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள். வெர்னியரில் அளந்தால் தெரிந்துவிடும்.

தண்டையார்பேட்டை தேக்கு | இரவு 11:52

என் மகளுக்கு இடது கைக்குச் செதுக்கிய கட்டையை வலது கைக்காரர் கன்னத்தில் வைத்துச் சுட்டுவிட்டு ஜீரோ நகர்ந்தது என்று எழுதுவார். அதற்கு நான் இடம் தரமாட்டேன். அளந்து வைத்தது என்னிடமே இருக்கிறது. நவம்பரில் காலை ஐந்து குண்டு ஒரே ஓட்டையில் போனது. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 5.6 மில்லி. அதில் பெல்லட் அகலம் 4.5 கழித்தால் 1.1. மதியம் எடுத்த அட்டையைக் காலை அட்டைமேல் வைத்து விளக்குக்கு நேராகப் பிடித்தோம். ஓட்டைமேல் ஓட்டை உட்கார்ந்தது. என் மகளே பார்த்தாள். போன மாதம் ஒரு ரேஞ்சில் இந்தக் கட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிடவில்லை. மர ஸ்டாக் என்று யாராவது இளக்காரமாக எழுதினால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

மணலி மார்க்ஸ்மேன் | நள்ளிரவு 12:03

பாப்பாவைச் சிரித்தது தப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நவம்பரில் ஐந்து குண்டு அடித்தது ஆதாரம் ஆகாது. மரம் ஊதும்.

தண்டையார்பேட்டை தேக்கு | நள்ளிரவு 12:07

ஊதட்டும். சைட் இரும்பில் இருக்கிறது.

புதுசு ராயபுரம் | நள்ளிரவு 12:15

அண்ணா, சிலிண்டர் தேதியைப் பார்த்தேன். முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. என்ன செய்வது?

மணலி மார்க்ஸ்மேன் | நள்ளிரவு 12:19

வாலிபன், நாளை காலை பத்து மணிக்கு வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் நிற்பேன். பம்ப் வேண்டும், வாஷரோடு.