கொரோனா இரண்டாம் அலையில் பணியாற்றியவர்களே, இன்னும் மனத்தை விட்டு அகலாதது எது?

செவிலியர், அம்மாபேட்டை:
2021 மே மாதம் எப்படி இருந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 70-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மகள் வீடியோ கால் செய்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கைப்பேசியை அவர் காதருகே பிடித்தேன். என் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "அப்பா, மல்கோவா இன்னும் எறக்கல. நீங்க வந்துதான் எறக்கணும்." விடிவதற்குள் அவர் போய்விட்டார், படுக்கை விரிப்பை மாற்றி முடிப்பதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார். மாம்பழப் பருவத்தில் கடைவீதிக்குப் போவதை நான் இன்றும் தவிர்ப்பதன் காரணம் வீட்டில் எவருக்கும் தெரியாது.

ஆய்வக நுட்புநர், ஐந்து ரோடு:
என்னுடையது முதல் அலை. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்களே, அந்தச் செய்தி வந்த வாரத்தில், பணி முடிந்து வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். மாடிப்படியின் முதல் படியில் பிளீச்சிங் பவுடரால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி நான் ஏறியதும், வீட்டுக்காரர் பேசாமல் வந்து, என் செருப்புத் தடத்தின் மேல் மறுபடியும் பவுடரைத் தூவினார். சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்று அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது. ஆனால் என்னை யாரும் தாக்கவில்லையே, எதைச் சொல்லி முறையிடுவது?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், ஆத்தூர்:
நுட்புநர் தம்பி அந்த வீட்டுக்காரரை மன்னித்துவிட வேண்டும். அன்று எல்லோருமே பயந்திருந்தார்கள். நானும் பிணங்களை ஒப்படைக்கும் பணியில் இருந்தேன், உறவினர்கள் பத்தடி தள்ளி நின்றே கும்பிட்டார்கள். ஆனால் அம்மாபேட்டைச் சகோதரி செய்வது சரியல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓர் இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்க, அந்த இடத்தைப் பற்றிய அச்சம் வளரும். துக்கம் வேறு, பணிச்சோர்வு வேறு; பணிச்சோர்வை வேலை சார்ந்த நிலை என்றுதான் உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறதே தவிர, நோய் என்று அல்ல. சகோதரிக்கு இருப்பது துக்கம் என்றே எனக்குப் படுகிறது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நம்மவர்கள் தாமாகவே தூக்க மாத்திரை எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. முதலில் வீட்டில் ஒருவரிடமாவது அந்த மாம்பழக் கதையைச் சொல்லுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர், ஏற்காடு:
ஐயா, நீங்கள் கூறியதில் தவறில்லை, ஆனால் அந்தச் சேவை வந்தபோது இரண்டாம் அலை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் காப்பித் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு நடந்த நாட்களில், எங்களைக் கண்டதும் சிலர் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்ட ஒரு பாட்டி, உள்ளே இருந்தபடியே, "உம் பிள்ளையத் தொட்டு எத்தன நாளாச்சு நர்ஸம்மா?" என்று கேட்டார். ஊசியைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். இதற்கு வாய் எழவில்லை. மகன் மாமியாரோடு உள்ளே படுக்க, நான் வெளி அறையில் தனியாகப் படுத்திருந்த காலம் அது. எங்கள் நலனை அந்தப் பாட்டி ஒருவரைத் தவிர வேறு எவரும் விசாரிக்கவில்லை. மாலையானால் கைப்பேசி விடாமல் ஒலிக்கும், அத்தனையும் அன்றைக்கு எத்தனை ஊசி போட்டாய் என்று கணக்குக் கேட்ட அழைப்புகள். அடுத்த முறை இப்படி ஒரு காலம் வந்தால், உதவி எண்ணோடு எங்களுக்கு மாற்று ஆளும் முறையான விடுப்பும் முதல் வாரத்திலேயே கொடுக்கட்டும்.