ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் பிடித்த உணவு: சொதியா, பீட்சாவா?

தாமிரபரணித்தண்ணி

இன்னும் பதினோரு நாளில் எனக்கு ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வில் பேசிக் காட்டும் பகுதி. நேற்று பயிற்சி வகுப்பில் 'உங்களுக்குப் பிடித்த உணவைப் பற்றிப் பேசுங்கள்' என்று தலைப்பு அட்டை வந்தது. யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. நான் சொதியைப் பற்றிப் பேசினேன். திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப் பாலில் வைத்து, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவார்களே, அதுதான். முக்கால் நிமிடத்தில் சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இதை நீ விளக்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பீட்சா என்று சொல்லு, எல்லாருக்கும் தெரியும்" என்றார். பீட்சா பற்றி ஒரு பக்கம் எழுதியும் கொடுத்திருக்கிறார், மனப்பாடம் செய்ய.

நான் இதுவரை நாலு தடவை பீட்சா சாப்பிட்டிருப்பேன். அதில் இரண்டு தடவை பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஏழரை

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தம்பி, அது பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு நான் வாங்கிய 7.5. உங்கள் சார் சொல்வதுதான் சரி.

முதல் தடவை நானும் உங்களைப் போலத்தான் போனேன். அம்மா வைக்கும் சுண்டைக்காய் வற்றக்குழம்பு. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சுண்டைக்காய்க்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. வற்றல் என்பதற்கு 'ட்ரை வெஜிடபிள்' என்றேன். தாளிப்பதைச் சொல்ல வார்த்தை வராமல் கையால் கரண்டியைப் பிடிப்பது போலக் காற்றில் காட்டினேன். தேர்வில் குரல்தான் பதிவாகிறது, என் கை பதிவாகவில்லை. வந்தது 6. அடுத்த முறையும், அட்டைக்கு முன்னால் சின்னக் கேள்விகள் வரும் முதல் பகுதியில், உணவுதான் கேட்டார்கள். ஃப்ரைட் ரைஸ் என்றேன், வார்த்தைகள் தாமாக வந்தன. நம் சமையலின் பெருமையைப் பேச வேறு மேடை இருக்கிறது. இங்கே வேண்டியது மதிப்பெண்.

அடுக்களைப்பூனை

வெளிநாடு போகும் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஏழரை சொன்னதில் நடந்தது உண்மை, காரணம்தான் தப்பு.

இந்தத் தேர்வில் பார்ப்பது நாலு விஷயம்: பேச்சின் ஓட்டமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் சம மதிப்பு. உணவு உலகப் புகழ் பெற்றதா என்று பார்க்க ஐந்தாவது கட்டம் கிடையாது. சொல்வளத்தில் அவர்கள் கவனிக்கும் ஒன்று, தெரியாத வார்த்தையைத் தெரிந்த வார்த்தைகளால் சுற்றிச் சொல்லத் தெரிகிறதா என்பது. சுண்டைக்காய்க்குப் பெயர் தெரியாவிட்டால் போகட்டும், 'பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரியது, கசக்கும், மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்போம்' என்று சொன்னால் அதுவே மதிப்பெண். பீட்சாவில் இதற்கு வாய்ப்பு எங்கே? பீட்சா என்றதும் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் மிச்சம் இருப்பது 'யம்மி', 'டெலிஷியஸ்', 'சீஸி'. ஒரு பிள்ளை இரண்டு நிமிடத்தில் 'டெலிஷியஸ்' என்று ஒன்பது தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

அந்த ஒரு பக்கத்தைத் தயவுசெய்து மனப்பாடம் செய்யாதீர்கள் தம்பி. வெளியில் கிடைக்கும் மதிப்பீட்டு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மனப்பாட வாக்கியங்களைத் தவிர மற்றதில் நிறையப் பிழை விடுவது இலக்கணக் கட்டத்தில் மூன்றாம் பேண்டில், அதாவது மூன்று மதிப்பெண் படியில், நிற்கிறது. ஒப்பிக்கும்போது குரல் மாறிவிடும். எனக்கே தெரிகிறது, நாள் முழுக்க அதையே கேட்பவருக்குத் தெரியாதா?

ஏழரை

அக்கா, வீட்டில் உட்கார்ந்து 'மோரில் ஊறவைத்து' என்று சொல்வது சுலபம். உள்ளே போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சுற்றி வளைக்கப் போனால் நடுவில் 'அ... அ...' என்று நிற்போம். அப்போது ஓட்டம் என்ற கட்டத்தில் அடி விழும். உங்கள் நாலில் அதுவும் ஒன்றுதானே?

இன்னொன்று. எல்லாருக்கும் சமைக்கத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்க வராது.

அடுக்களைப்பூனை

சமையல் குறிப்பை யார் கேட்டார்கள்? அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். என்ன உணவு, எப்போது சாப்பிடுவீர்கள், யார் செய்வார்கள், ஏன் பிடிக்கும், அட்டையில் கேட்பது இந்த மாதிரிதான். நீங்கள் நேராக அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். வற்றக்குழம்பு வைக்கத் தெரியாதவனுக்கும், மழை நாளில் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டது நினைவிருக்கும். அதைச் சொன்னால் கடந்த காலம், 'யூஸ்ட் டு', 'வென்எவர்' எல்லாம் தானாக வரும்.

முதல் பகுதியில் உங்களுக்கு ஃப்ரைட் ரைஸ் கைகொடுத்தது நியாயம்தான். அங்கே இரண்டு மூன்று வாக்கியம் போதும். தம்பிக்கு வந்திருப்பது இரண்டு நிமிட அட்டை.

வேதாளம்

நடுவில் ஒரு சோகக் கதை. முதல் பகுதியில் பிடித்த உணவு கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி "ஐ ஆம் எ ப்யூர் வெஜிடேரியன், மை ஃபேவரைட் இஸ் ட்ரம்ஸ்டிக்" என்றேன். அந்த அம்மா குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கி ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. அவர்கள் ஊரில் ட்ரம்ஸ்டிக் என்றால் கோழிக்கால்.

ஏழரை

இதைத்தான் சொல்கிறேன்! நம் உணவைத் தொட்டால் இப்படித்தான். கிரேவி என்றால் அவர்களுக்கு இறைச்சிச் சாற்றில் செய்வது. ஹோட்டல் என்றால் தங்குமிடம். பிரிஞ்சால் அங்கே ஓபர்ஜின். ஃப்ரைட் ரைஸில் இந்தக் கண்ணிவெடி எதுவும் கிடையாது.

அடுக்களைப்பூனை

வேதாளம் முருங்கை மரத்திலிருந்து விழுந்ததை இப்போதுதான் பார்க்கிறேன் :)

ஆனால் இதற்காக யாரும் மதிப்பெண்ணை வெட்டிவிட மாட்டார்கள். பிரிஞ்சால், கர்ட் எல்லாம் இந்திய ஆங்கிலத்தில் உள்ள சொற்களே. குழப்பம் வரும் என்று தோன்றினால் 'நீளமான பச்சைக் காய், தோலை மென்று துப்பிவிடுவோம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி வேதாளத்தின் சைவத்தையும் காப்பாற்றியிருக்கும்.

சொல்லைவிட உச்சரிப்பில்தான் எனக்குக் கவலை. ரெசிபி மூன்று அசை. பாதிப் பேர் 'ரெசைப்' என்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு 'டிஸர்ட்', அழுத்தம் பின்னால். 'டெஸர்ட்' என்று முன்னால் அழுத்தினால் பாலைவனத்தைச் சாப்பிட்டதாக ஆகிவிடும்.

கொக்குவில்காற்று

சொதி என்று தலைப்பில் கண்டதும் ஓடி வந்தேன். எங்கட யாழ்ப்பாணத்துச் சொதி வேறு. மஞ்சள் போட்டுத் தண்ணியாக இருக்கும், இடியாப்பத்தோடு சாப்பிடுவோம். நான் கனடா வர எழுதினபோது இதைத்தான் சொன்னேன். பெயர் சொல்லி, அடுத்த மூச்சிலேயே 'தேங்காய்ப் பாலில் செய்யும் மெல்லிய சூப் மாதிரி' என்று விட்டேன். முடிந்தது விளக்கம். பிறகு பேசினதெல்லாம் அம்மம்மா திருவலையில் தேங்காய் துருவுகிற சத்தத்துக்கு நாங்கள் காலையில் எழும்புகிறதைப் பற்றி. இரண்டு நிமிடம் போதவில்லை, அவர்தான் நிறுத்தினார்.

ஏழரை அண்ணை, உங்களுக்கு ஃப்ரைட் ரைஸ் உண்மையிலேயே பிடிக்கும்தானே?

ஏழரை

பிடிக்கும். காலேஜ் நாளில் ராத்திரி பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியில் நாலு பேர் ஒரு தட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். கரண்டிச் சத்தம் தெருமுனைக்கே கேட்கும்.

கொக்குவில்காற்று

அதுதானே. நீங்களும் உங்கட சொதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஏழரை

சாமர்த்தியம்தான். ஆனால் என் பேச்சு அப்படியே இருக்கிறது. வார்த்தை கைவசம் இருக்கும் உணவைச் சொல்லுங்கள் என்கிறேன். பீட்சா தம்பிக்குப் பிடிக்காது என்றால் பிரியாணி சொல்லட்டும். பதினோரு நாளில் சொதிக்கு வார்த்தை சேருமா?

தாமிரபரணித்தண்ணி

நேற்று ராத்திரி போனில் பதிவு செய்து பார்த்தேன். ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மாட்டினேன். காய்களை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவார்கள். கொதித்தால் திரிந்துவிடும். திரிவதற்கு வார்த்தை தெரியாமல் 'த மில்க் வில் செப்பரேட், அண்ட் மை ஆன்ட் வில் ஷவுட்' என்று சொல்லிவிட்டேன். கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. தப்பா?

அடுக்களைப்பூனை

திரிவதற்குச் சொல் 'கர்டில்'. ஆனால் நீங்கள் சொன்னதை மாற்றாதீர்கள். செப்பரேட் சரியாகப் புரிகிறது, சித்தி கத்துவதும் இருக்கட்டும். மூன்று பாலையும் பட்டியல் போடாமல் 'தின்', 'திக்' என்று இரண்டோடு நிறுத்துங்கள். மிச்சமாகும் நேரத்தில் மறுவீட்டு விருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

மூன்றாம் பகுதிக்கும் தயாராகப் போங்கள். அங்கே உங்கள் சொதியை விட்டுவிட்டு, மக்கள் ஏன் வெளியில் அதிகம் சாப்பிடுகிறார்கள், பழைய சமையல் மறைகிறதா என்றுதான் போவார்கள்.

ஏழரை

பதிவை ஒரு தடவை எனக்கும் அனுப்பு தம்பி, 'அ... அ...' எத்தனை என்று எண்ணிச் சொல்கிறேன். அஞ்சுக்கு மேல் போனால் பிரியாணிதான். முருங்கைக்காய் போடுவீர்களா சொதியில்?

தாமிரபரணித்தண்ணி

போடுவோம் அண்ணே.

வேதாளம்

கேரட், பீன்ஸோடு நிறுத்திக்கொள்ளவும்.