செராமிக் சன் ஃபிலிம் ஒட்டலாமா? வெப்பம், வெளிச்சம், சட்டம்

காவிரிக்கரை (திருச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகத் திருச்சியிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் அடிக்கடி காரில் சென்று வருகிறேன். பிற்பகலில் மதுரை நோக்கிச் செல்லும்போது மேற்கு வெயில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியாக வலது கையிலும் கன்னத்திலும் நேராக விழுகிறது. கத்திரி வெயில் நாட்களில் ஏசியை முழு வேகத்தில் வைத்தாலும் கையில் எரிச்சல் அடங்குவதில்லை.

இதற்காக ஒரு கடையில், கார் கண்ணாடியில் ஒட்டும் செராமிக் ஃபிலிம் பற்றி விசாரித்தேன். வெப்ப விளக்கு ஒன்றை எரியவிட்டு, முதலில் வெறும் கண்ணாடிக்குப் பின்னாலும் பிறகு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னாலும் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்கள். முதலாவதில் சில நொடிகளுக்கு மேல் கையை வைத்திருக்க முடியவில்லை; இரண்டாவதில் சூடே தெரியவில்லை. அகச்சிவப்புக் கதிர்களை 99 சதவீதம் தடுக்கும் என்றும், கேரளத் தீர்ப்புக்குப் பிறகு இது சட்டப்படி செல்லும் என்றும் கூறி, முன்கண்ணாடி உட்பட முழு வண்டிக்கும் 28,000 ரூபாய் கேட்கிறார்கள்.

வெயிலிலும் அந்த விளக்கு காட்டிய பலன் கிடைக்குமா? சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் வேலை செய்வதில் தடை வருமா? இரவில் பார்வை மங்குமா? காவல்துறை நிறுத்தினால் என்ன ஆகும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வெப்பவியல் வாத்தியார் (சேலம்) எழுதியது:

நண்பரே, அந்த விளக்குச் சோதனை பொய்யன்று. ஆனால் அது சூரியனைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. வெப்ப விளக்கு வெளியிடும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்தான். செராமிக் ஃபிலிமுக்கு அதைத் தடுப்பதுதான் வேலை என்பதால், அந்த மேசையில் அது எப்போதும் வெல்லும். தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 53 சதவீதம் அகச்சிவப்பு, 44 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், மீதி புற ஊதா. வெளிச்சமாக உள்ளே வருவதும் இருக்கையிலும் டேஷ்போர்டிலும் உங்கள் கையிலும் பட்டு வெப்பமாகத்தான் மாறுகிறது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 70 சதவீத வெளிச்சத்தை விடும் ஃபிலிம் ஒன்று அகச்சிவப்பை முழுவதுமாகவே தடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் 44-இல் 70 சதவீதம், அதாவது மொத்த ஆற்றலில் சுமார் 31 சதவீதம், வெளிச்சமாக உள்ளே வந்துவிடும். அதற்கு மேல், செராமிக் துகள்கள் கதிர்களைத் திருப்பி அனுப்புவதைவிட உறிஞ்சிக்கொள்வதே அதிகம். ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற நுண்துகள்களைத்தான் பாலியெஸ்டர் தாளில் சேர்க்கிறார்கள். உறிஞ்சிய வெப்பத்தால் கண்ணாடியே சூடேறி, அதில் ஒரு பங்கை உள்பக்கமாக வீசுகிறது. வண்டி ஓடும்போது வெளிக்காற்று அந்தச் சூட்டைப் பெருமளவு வாரிக்கொண்டு போய்விடும். நிறுத்தி வைத்த வண்டியில் அந்த உதவி இல்லை. எனவே விளம்பரத்தில் உள்ள 99 என்ற எண்ணை விட்டுவிட்டு, மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு விலக்கப்படுகிறது என்பதைக் காட்டும் டிஎஸ்இஆர் என்ற எண்ணைக் கேளுங்கள். இவ்வளவு வெளிச்சம் விடும் நல்ல ஃபிலிம்களில் அது பெரும்பாலும் 40 முதல் 50 வரைதான் இருக்கும். அகச்சிவப்புத் தடுப்பு எண்ணையும் எந்த அலைநீளத்தில் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். 900 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான குறுகிய பட்டையில் மட்டும் அளந்தால் எந்தப் பொருளும் அழகாகத் தெரியும்.

இதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. உங்கள் குறை கையில் நேரடியாக விழும் வெயில்தான் என்பதால், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பலனை நன்றாகவே உணர்வீர்கள். ஏசியும் வண்டியை விரைவாகக் குளிர்விக்கும். வெயிலில் நாள் முழுவதும் பூட்டி நிறுத்திய வண்டியோ ஃபிலிம் இருந்தாலும் கொதிக்கத்தான் செய்யும். அதற்கு முன்கண்ணாடியில் விரித்து வைக்கும் வெள்ளிநிறத் தட்டி சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. நிறுத்தும் வேளையில் ஃபிலிமைவிட அதுவே அதிகம் உதவும்.

புற ஊதாவைப் பற்றியும் ஒரு சொல். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அடுக்கு வைத்துச் செய்யப்படுவதால், புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி. அவற்றின் வழியே யூவி-ஏ என்ற வகைப் புற ஊதாக் கதிர் கணிசமாக உள்ளே வரும். தோல் கருப்பதையும் இருக்கைத் துணி வெளுப்பதையும் குறைக்க விரும்பினால், பணத்தை முதலில் பக்கக் கண்ணாடிகளில்தான் செலவிட வேண்டும்.

ஒட்டுநர் (கோயம்புத்தூர்) எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதை ஒட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அப்படியே ஏற்கிறேன். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்படாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஃபிலிமின் மேல் 70 என்று எழுதியிருந்தால், ஒட்டிய பிறகும் உங்கள் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தை விடும் என்று பொருளாகாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இலேசான பச்சை ஓடிய கண்ணாடி 75 முதல் 80 சதவீதம்தான் விடும். 75 விடும் பக்கக் கண்ணாடியில் 70 ஃபிலிமை ஒட்டினால், இரண்டையும் பெருக்கி வருவது 52.5. பக்கக் கண்ணாடிக்கு மோட்டார் வாகன விதி கேட்கும் 50-ஐ நூலிழையில் தாண்டுகிறது. அதே ஃபிலிமை 78 விடும் முன்கண்ணாடியில் ஒட்டினால் 55-க்குக் கீழே போய்விடும். அங்கே 70 வேண்டும் என்பது விதி. முன்கண்ணாடிக்கு 90 அளவுள்ள, ஏறக்குறைய நிறமற்ற ஃபிலிம்தான் பொருந்தும். ஆகவே ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத கடையில் ஒட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஃபாஸ்டேக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். அலுமினியம் போன்ற உலோகம் பூசிய ஃபிலிம்கள்தான் ரேடியோ அலையை மறித்து ஃபாஸ்டேக்கையும் ஜிபிஎஸ்ஸையும் தொந்தரவு செய்யும். செராமிக் துகள்கள் அந்த அலையைத் தடுப்பதில்லை. மலிவான சாயம் ஏற்றிய ஃபிலிம் சில ஆண்டுகளில் ஊதாநிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்; செராமிக்கில் அந்தக் குறையும் கிடையாது.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. தாழ்ந்த சூரியன் கண்ணாடியில் சாய்வாகப் படும்போது சில செராமிக் ஃபிலிம்களில் பால் கலந்தாற்போல ஒரு மங்கல் தெரியும். கடைக்குள் விளக்கொளியில் அது தெரியவே தெரியாது. மாதிரித் துண்டை வெளியே எடுத்துப் போய் வெயிலைப் பார்த்துப் பிடித்தால்தான் தெரியும். பின்கண்ணாடியில் படியும் ஈரமூட்டத்தைப் போக்கும் டிஃபாகர் கோடுகள் உள்ள வண்டியில், பின்னொரு நாள் ஃபிலிமை உரிக்கும்போது கோடுகளும் சேர்ந்து பெயர்ந்து வரக்கூடும். எத்தனை விலையுயர்ந்த ஃபிலிமானாலும், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஓரத்தில் தூசியைத் துடைக்காமல் ஒட்டினால் மணல்மணலாகத்தான் நிற்கும்.

போர்ட் கிள்ளான் வாசகர் (மலேசியா) எழுதியது:

இங்கே 2019 முதல் முன்கண்ணாடி 70 சதவீதமும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும், அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்கு வரம்பில்லை என்பதுதான் விதி. அதனால் ஃபிலிம் ஒட்டாத காரைக் காண்பதே அரிது. ஒட்டுநர் சொன்ன ஃபாஸ்டேக் ரேடியோ அலையில் இயங்குவதால் தப்பிக்கிறது. எங்கள் ஸ்மார்ட்டேக் கருவியோ அகச்சிவப்பில் சுங்கச்சாவடியுடன் பேசுவது. நல்ல செராமிக் ஃபிலிம் ஒட்டினால் அதுவே மறிபட்டு, தடுப்புக்கம்பம் திறக்காது. கருவிக்கு நேராகச் சிறு சதுரம் வெட்டி விடுவது இங்கே வழக்கம்.

இரவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பின்பக்கத்தை மிக இருட்டாக்கிய கார்களில், மழை இரவில் விளக்கில்லாத மோட்டார் சைக்கிள் பின்னால் வருவது தெரிவதில்லை. சட்டம் அனுமதித்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வைகை வழக்கறிஞர் (மதுரை) எழுதியது:

சட்ட நிலையைக் கடைக்காரர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி, முன், பின் கண்ணாடிகளுக்கு 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. இந்த அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்றே பலரும் கருதி வந்தார்கள். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 27 ஏப்ரல் 2012 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கண்ணாடி தயாரிக்கப்படும்போதே அந்த அளவில் நிறம் இருக்கலாமே தவிர, எத்தனை சதவீதமானாலும் அதன்மேல் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று கூறியது. ஒட்டியிருப்பவற்றை அகற்றவும் ஆணையிட்டது.

அதன் பிறகு 2020-இல் விதி திருத்தப்பட்டு, பாதுகாப்புக் கண்ணாடியோடு, உட்புறத்தில் பிளாஸ்டிக் அடுக்கு கொண்ட கண்ணாடியும் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்டு ஏற்கப்பட்டது. 1 ஏப்ரல் 2021 முதல் அது நடைமுறையில் உள்ளது. இந்த அடுக்கை வாகன நிறுவனம் மட்டுமே பொருத்தலாமா, உரிமையாளரும் ஒட்டிக்கொள்ளலாமா என்பதுதான் சிக்கல். உரிமையாளரும் விதி அளவுக்குள் ஒட்டலாம், அதற்காக அபராதம் விதிக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது.

அந்தத் தீர்ப்பைத் தமிழ்நாட்டில் வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம். இங்குள்ள நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. சாலையில் நிறுத்தும் அதிகாரி 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத்தான் நினைவில் வைத்திருப்பார். அபராதத் தொகை உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த இடத்திலேயே ஃபிலிமை உரிக்கச் சொன்னால் 28,000 ரூபாயும் சாலையோரத்தில் போய்விடும். இந்த இழப்பைத் தாங்க முடியும் என்றால் மட்டுமே ஒட்டுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா மூவருக்கும் மலேசிய நண்பருக்கும் மிக்க நன்றி. முன்கண்ணாடியை விட்டுவிட்டு, முன்பக்கக் கதவுகள் இரண்டுக்கு மட்டும் ஒட்டுவது அறிவார்ந்த செயலாக இருக்குமா? தரச்சான்றாக எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஒட்டுநர் எழுதியது:

உங்கள் பயணத்துக்கு அதுவே போதும். செலவும் வெகுவாகக் குறையும். ஐஎஸ் 2553 தரத்துக்குச் சோதிக்கப்பட்டதற்கான ஆய்வக அறிக்கையின் நகல், ஃபிலிமின் பெயரும் வெளிச்ச அளவும் எழுதிய ரசீது, ஒட்டிய பின் மீட்டர் காட்டிய அளவு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். கடைக்காரர் அறிக்கை தரத் தயங்கினால் வேறு கடையைப் பாருங்கள். ஒட்டிய பிறகு நான்கைந்து நாட்கள் கதவுக் கண்ணாடிகளை இறக்க வேண்டாம். முதல் வாரத்தில் உள்ளே சிறு நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால் பதற வேண்டியதில்லை, வெயிலிலேயே வற்றிவிடும். அதற்கு மேலும் நின்றால் அது காற்று, கடைக்குத் திருப்பிக் கொண்டு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.