தொலைந்த செயினும் டைம் மெஷினும்

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
டைம் மெஷின் படம் பார்த்து உங்கள் வீட்டில் யாராவது பழைய கதையை எடுத்திருந்தால் எழுதுங்கள். முதலில் எங்கள் வீட்டுக் கதை.

2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தை டிவியில் போட்டபோது அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 2065-லிருந்து அனுப்பிய மெஷின் ஒரு ஜோசியர் கையிலும் அவருடைய நண்பர் கையிலும் சிக்குகிறது. தொலைந்த பொருட்களை அதை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். அந்த இடத்தில் அம்மா பெருமூச்சு விட்டார். எனக்கு நாலு வயதில், தீபாவளிக்குத் துணி எடுக்க எம்.சி. ரோடு போன கூட்டத்தில் அம்மாவின் மூணு பவுன் செயின் அறுந்து விழுந்துவிட்டது. “இவங்க இருந்திருந்தா கிடைச்சிருக்கும்ல” என்றார்.

அப்புறம் கதை திரும்புகிறது. கடந்த காலத்தில் போய் இவர்கள் செய்த வேலையால், என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். அதைச் சரிசெய்ய இவர்களேதான் ஓட வேண்டும். அவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் செய்த காரியத்துக்குப் பொறுப்பு கேட்கிற படம் அது. அதனாலேயே எனக்கு இன்னும் பிடிக்கும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அந்தச் செயினை அடகு வச்சு கொடுங்கையூர்ல இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கறதா இருந்தோம். அங்க போயிருந்தா உன் வீட்டுக்காரரை நீ பார்த்திருக்கவே மாட்டே. இவ எங்க?” என் மகள் அப்போது அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெரம்பூரிலிருந்து:
டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு லீவு நாளில் 'பேக் டு த ஃப்யூச்சர்' (1985) போட்டேன். 1955-க்குப் போன பையன், கார் இடிக்க இருந்த தன் அப்பாவைத் தள்ளிவிட்டுத் தானே அடிபடுகிறான். அந்த விபத்தில்தான் அப்பாவும் அம்மாவும் சந்தித்திருக்க வேண்டும். அவன் வைத்திருக்கும் போட்டோவில் முதலில் அண்ணன் தலை மறைகிறது. “மிஸ், அடுத்து அக்கா!” என்று ஒரு பெண் கத்தினாள். பாடமே நடத்தத் தேவைப்படவில்லை, அந்த ஒரு போட்டோ போதுமானதாக இருந்தது.

முடிவில் குடும்பம் வசதியாகிவிடுகிறது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆறாவது படிக்கும் பையன் மட்டும், “அப்போ அவன் பழைய அப்பா அம்மா எங்க போனாங்க மிஸ்?” என்று கேட்டான். அவர்களோடு வாழ்ந்த நினைவு அந்தப் பையன் ஒருவனுக்கு மட்டும்தான் இருக்கும். படம் அதில் நிற்காமல் போய்விடுகிறது. நிறைய தடவை பார்த்த எனக்கு அது தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கடைசிக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

காசிமேட்டிலிருந்து:
எங்களுக்கு '24' (2016). அதில் டைம் மெஷின் ஒரு கைக்கடிகாரம். அது முதலில் 24 மணி நேரம் வரைதான் பின்னால் கொண்டுபோகும். அந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இஷ்டத்துக்குப் போக முடிந்தால் கதையில் எதற்கும் மதிப்பிருக்காது. அண்ணனோடு ஃபைபர் போட்டில் போகிறவன் நான். ஒருமுறை வலை கிழிந்து பாதியில் திரும்பினோம். “ஒரு நாள் பின்னால போனா போதும்டா” என்றார் அண்ணன். சரி, போனால் எதை மாற்றுவது என்று கரையில் உட்கார்ந்து பேசினோம். வலை கிழிந்ததால்தான் சீக்கிரம் கரைக்கு வந்தோம், அன்று சாயங்காலம் காற்று பேயாக அடித்தது. அண்ணன் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு, “வேணாம், பின்னிக்கலாம்” என்றார்.