ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் கோல்டு ரேங்கிலேயே நிற்கிறேன், அடுத்து எதைப் பழகுவது?

பிடிஎம்_கென்

வணக்கம் மக்களே. பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் இருக்கிறேன். ஆபீஸ் முடிந்து வந்ததும் ராத்திரி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம்தான். என் கேரக்டர் கென், கிளாசிக் கண்ட்ரோல். சில்வர் வரை மளமளவென்று வந்தேன், கோல்டில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. ட்ரெயினிங் மோடில் கார்னர் காம்போவை (திரையோரம் தள்ளி அடுக்கடுக்காக அடிப்பதை)க் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். மேட்சில் அதைத் தொடங்கும் முதல் அடியே விழமாட்டேன் என்கிறது. ஃபிரேம் டேட்டா, அதாவது ஒவ்வொரு அடிக்கும் எத்தனை ஃபிரேம் என்ற அட்டவணையைப் படி என்கிறார்கள். பகலெல்லாம் எக்செல் பார்ப்பது போதாதா? இன்னும் காம்போ கற்கவா, சுலபமான மாடர்ன் கண்ட்ரோலுக்கு மாறவா, கேரக்டரையே மாற்றவா?

அல்சூர்_சாங்கீஃப்

காம்போவை ஓரமாக வை தம்பி. முதல் அடியே விழாதபோது பத்தாவது அடி எதற்கு?

நான் தொண்ணூறுகளில் அல்சூர் பக்கம் காயின் போட்டு ஆடிய ஆள். கூட்டமெல்லாம் பக்கத்து மெஷினில் முஸ்தபா (கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்) ஆடத்தான் நிற்கும். எங்கள் மெஷினில் தோற்றவன் எழுந்து போக வேண்டும், காசும் போச்சு. அதனால் திரையைப் பார்ப்பதை விட எதிராளியின் கையைத்தான் அதிகம் பார்ப்போம். ஆன்லைனில் கை தெரியாது, ஆனால் அவன் பழக்கம் தெரியும்.

என் கணிப்பில், நீ தோற்பது யாருடைய முறை என்று தெரியாமல் பட்டனை அழுத்துவதால். ஃபிரேம் டேட்டா முழுவதும் வேண்டாம், இந்த ஒரு கணக்கு போதும். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம். கென் உட்கார்ந்து போடும் லைட் பஞ்ச் 4 ஃபிரேமில் அடிக்கும். அவன் அடியை நீ பிளாக் செய்கிறாய். அது மைனஸ் 4 (அவன் உன்னைவிட 4 ஃபிரேம் தாமதமாகத்தான் மறுபடி அசைய முடியும்) அல்லது அதைவிட மோசம் என்றால், கை எட்டும் தூரத்தில் உன் பஞ்ச் விழுந்தே தீரும், அவனால் பிளாக் செய்யவும் முடியாது. மைனஸ் 3 என்றால் பிளாக் செய்யலாம். ஆனால் கோல்டில் யார் சும்மா இருக்கிறார்கள்? மறுபடி அழுத்துவான். அவனுடைய 4 ஃபிரேம் பஞ்ச் 7ஆவது ஃபிரேமில்தான் வந்து சேரும், உன்னுடையது 4இலேயே அடித்துவிடும். ஓவர்டிரைவ் ஷோர்யூகென் மாதிரி இன்வின்சிபிள் அடி, அதாவது உன் அடி படாமலேயே வரும் அடி வந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்படிப் போடுகிறவன் என்று தெரிந்தால் ஒருமுறை பேசாமல் பிளாக் செய், அப்புறம் உன் கார்னர் காம்போவை முழுசாகப் போட்டுக்கொள்.

தோற்ற மேட்ச்சின் ரீப்ளேயில் ஃபிரேம் மீட்டரை ஆன் செய்து பார். கென்னைப் பார்க்காதே, அவனைப் பார். கீழே விழுந்து எழும்போது என்ன செய்கிறான்? டிரைவ் கேஜ் (ஓவர்டிரைவ், இம்பாக்ட் போடச் செலவாகும் அளவுக்கோடு) குறைந்ததும் குதிக்கிறானா? ஒரே பழக்கத்தைக் கண்டுபிடித்தால் போதும், பாதி ரவுண்டு உன் பக்கம்.

அடுத்தது ஆன்டி ஏர். குதித்து வருகிறவனை அடிக்காமல் விட்டால் அவனுக்கு வேறு எதுவுமே தேவையில்லை. அதேபோல டிரைவ் இம்பாக்ட், உன் அடியைத் தாங்கிக்கொண்டே வரும் பெரிய குத்து. அது வந்து அடிக்க 26 ஃபிரேம், அரை நொடிக்கும் குறைவு என்றாலும் திருப்பி உன் இம்பாக்டைப் போட நேரம் இருக்கிறது. ட்ரெயினிங் மோடு டம்மியில் குதிப்பது, இம்பாக்ட், சும்மா நடப்பது மூன்றையும் ரெக்கார்ட் செய்து ரேண்டமாக ஓடவிடு. போரடிக்கும்தான்.

மாரத்தஹள்ளி_மரீசா

கணக்கெல்லாம் சரி அண்ணா. பிஜி வைஃபையில் 4 ஃபிரேம் பேசி என்ன பிரயோஜனம்? நெட் தாமதத்தைச் சரிக்கட்டும் ரோல்பேக் இருந்தாலும், நெட்டில் டேட்டா பாக்கெட் தொலைந்தால் கேரக்டர் தாவித் தாவித்தான் தெரியும். மச்சா, முதலில் எஸ்.பி. ரோடு போய் நீளமான லேன் கேபிள் ஒன்று வாங்கு. ரௌட்டர் வராண்டாவில் இருந்தால் கதவுக்கு அடியில் இழுத்துவிடு, ஓனரிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்லாதே.

மாடர்ன் கேவலமில்லை. ஒரே பட்டனில் ஸ்பெஷல் போட்டால் டேமேஜ் 20% குறையும், ஆன்டி ஏர் சுலபமாக வரும். எனக்கு அந்த பேரம் பிடித்திருக்கிறது. பர்ஃபெக்ட் பேரி (அடி படும் கணத்திலேயே சரியாகத் தடுப்பது) பக்கம் மட்டும் இப்போது போகாதே. 2004இல் எவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில் ஜப்பான் ஆட்டக்காரர் டைகோ, எதிராளியின் சுன் லீ போட்ட சூப்பரை முழுக்கப் பேரி செய்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கெல்லாம் கை துறுதுறுக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் அதற்கு 2 ஃபிரேம்தான் அவகாசம். பேரியில் நிற்கும்போது த்ரோ (பிடித்து எறிவது) வாங்கினால் வழக்கத்தை விட அதிகமாக வலிக்கும்.

பிடிஎம்_கென்

கேபிள் இந்த வாரமே வாங்கிவிடுகிறேன். ஜேபி கேரக்டர் ஆடுகிறவர்கள் தூரத்தில் நின்றுகொண்டே கீழிருந்து முள் கிளப்புகிறார்களே, அதற்கு என்ன செய்வது? பக்கத்தில் போகவே முடியவில்லை.

அல்சூர்_சாங்கீஃப்

குதிக்காதே, அவன் அதற்குத்தான் காத்திருக்கிறான். பேரி பட்டனைப் பிடித்துக்கொண்டு வாங்கு, சாதாரண பேரி போதும். டிரைவ் கேஜும் ஏறும். விட்ட இடைவெளியில் ரெண்டு எட்டு நட, மறுபடி பேரி. கார்னர் வரை தள்ளிவிட்டால் அவன் முகமே மாறிவிடும்.

என் கேரக்டர் சாங்கீஃபுக்கு இதெல்லாம் தினசரி தலையெழுத்து. ஞாயிறு மதியம் என் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஆடுகிறோம். அதில் ஒருவர் ஜேபி ஆடுகிறவர். டெக்கன் (Tekken) என்ற இன்னொரு சண்டை கேமின் சாம்பியன் அர்ஸ்லான் ஆஷ் லாகூரில் உள்ளூர் ஆட்களோடு மோதி மோதித்தான் 2019இல் எவோ ஜப்பானையும் எவோவையும் அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் "இப்போது ஏன் குதித்தாய்?" என்று கேட்கலாம், ரேங்க் மேட்சில் யாரிடம் கேட்பாய்? மெசேஜ் போடு, கண்ட்ரோலரை மட்டும் எடுத்துக்கொண்டு வா. மரீசா, நீயும்தான். போன வாரம் பாதியில் ஓடிவிட்டாய்.