அம்மாவின் மறதிக்குச் சர்க்கரை நோய் காரணமாக இருக்குமா?

முக்கூடல் வாசகர்:
என் அம்மாவுக்கு 68 வயது. நெடுநாளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறார். இப்போது பீடியைக் கட்டுக்கு 25 என எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால், எண்ணிக்கை தவறி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். சில நாள் பிற்பகலில் நெற்றி வியர்த்து, சுளகை மடியில் வைத்தபடியே, கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார். வயதாகிவிட்டது என்று உறவினர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, நீங்கள் ஏற்காததே சரி. விழித்திரையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்ச் சேதம் மூளையிலும் நடக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முதுமை மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெரும்பாலும் கவனமும் சிந்தனை வேகமும் முன்னதாகத் தளர்கின்றன; பழைய கதைகளைத் தெளிவாகச் சொல்வதால் வீட்டார் அதைக் கவனிப்பதில்லை.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த வியர்வைதான். அது சர்க்கரை தாழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். கடுமையான தாழ்சர்க்கரை அடிக்கடி வந்த முதியவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

அம்பாசமுத்திரம் வாசகர்:
செவிலியர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறையாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யவும் முடியும். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்தால் மூளை தெளியும் என்றும் எண்ண வேண்டாம். சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான அக்கார்ட்-மைண்ட் ஆய்வில் அவ்வாறு குறைத்தவர்களின் நினைவும் சிந்தனைத் திறனும் மற்றவர்களைவிட மேம்படவில்லை.

முக்கூடல் வாசகர்:
செவிலியர் அக்கா, நேற்று வியர்த்தபோது பார்த்தோம்: 58. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, பீடிக்கடைக்குப் போகும் அவசரத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
நீங்களாக நிறுத்த வேண்டாம், தம்பி. நாளைக்கே மருத்துவரிடம் அந்த 58-ஐயும், மாத்திரை போட்ட நேரத்தையும், சாப்பிட்ட நேரத்தையும் எழுதிக் காட்டுங்கள். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ அவரால் முடியும். பி12 பரிசோதனையையும் கேளுங்கள். அதுவரை, சாப்பாடு முடியாமல் அம்மாவைப் பீடிக்கடைக்கு அனுப்பாதீர்கள்.